ஒன்பது இல்லாத மைதானம்

ஜனவரி 6

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டிய ஆளிடம், அங்கேயே சத்தமாகச் சொல்லிவிடுகிறவள் நான். இந்த டைரி என் வீட்டுக்காரருக்கு பஸ் டெப்போவில் யாரோ கொடுத்தது. மார்கழிக் கோலம் போட்டுப் பார்ப்பதற்கென்று வாங்கி வைத்திருந்தேன். முதல் பக்கங்களில் புள்ளிக் கோலம் இருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து எழுதப் போகிறேன். ஏனென்றால் இன்னும் சில நாட்களில் எனக்கு வாய் இருக்காது.

மதுரையில் டாக்டரம்மா தொண்டைக்குள் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். குரல் நாணின் மேல் உளுந்து அளவுக்கு ஒரு கட்டி.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கவர்மென்ட் பொண்ணுங்க ஹைஸ்கூல்ல பி.இ.டி. டீச்சர், மேடம்."

"அதானே பார்த்தேன்" என்றார். இருபது வருடம் மைதானத்தில் கத்திய கத்தல் உளுந்தாக விளைந்திருக்கிறது.

கட்டியை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். பிறகு இரண்டு வாரம் ஒரு சொல் பேசக்கூடாது. கிசுகிசுக்கக்கூடாது, கனைக்கக்கூடாது, விசில் ஊதக்கூடாது, சத்தமாகச் சிரிக்கவும் கூடாது. குரல் பழையபடி வருமா என்று கேட்டேன். "வரும். எப்படி வரும்னு வந்தாத்தான் தெரியும்" என்றார். நல்ல மனுஷி. பொய் சொல்லத் தெரியவில்லை.

நான் மைதானத்தில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இது பெருமைக்குச் சொல்லவில்லை. இவர் அந்த பஸ் ஸ்டாண்டில் கண்டக்டராக நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

ஜனவரி 11

எடுத்தாகிவிட்டது. வலி இல்லை. மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் என் வாயில் விரலை வைத்து, "அக்கா, பேசிறாதீங்க, பேசிறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு வேறு வேலை எவ்வளவோ இருந்திருக்கும். என் தலைமாட்டிலேயே நின்றாள். நன்றி சொல்ல வாயில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 14, பொங்கல்

பானை பொங்கியபோது எல்லா வருடமும் நான்தான் முதலில் கத்துவேன். எங்கள் தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் என் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர்கள் பானையைப் பார்ப்பார்கள். இன்று பொங்கி வழிந்தது, நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இவர் தட்டை எடுத்துக் கரண்டியால் ஓங்கி ஓங்கி அடித்துத் தொண்டை கிழிய, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அண்ணே, அக்காவுக்குப் பதிலா நீங்களா? தேவலையே!" என்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. புகை என்று சைகை காட்டினேன்.

வீட்டில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். டம்ளரில் ஸ்பூனால் ஒரு தட்டு தட்டினால் இவர் வர வேண்டும். இரண்டு தட்டினால் வர வேண்டாம். "எங்க பஸ்ஸுல ரெண்டு அடிச்சா கிளம்பணும்டி, ஒண்ணு அடிச்சா நிக்கணும். நீ எல்லாத்தையும் தலைகீழா வச்சா நான் என்ன செய்வேன்?" என்று புலம்புகிறார். ஆனால் ஒரு தட்டுக்கு வந்துவிடுகிறார். மற்றதற்கெல்லாம் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

ஜனவரி 20

பள்ளி திறந்தது. சிலேட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். நான் பேசக்கூடாது என்றால் மற்றவர்களும் ஏன் பேசாமல் போகிறார்கள் என்று தெரியவில்லை. ஆறாம் வகுப்புக் குட்டிகள் என் காதருகே வந்து ரகசியம் மாதிரி, "வணக்கம் டீச்சர்" என்கின்றன. சத்துணவு சமைக்கும் பஞ்சவர்ணம் அக்கா என்னிடம் முட்டை வேண்டுமா என்று விரலை வட்டமாக வைத்துச் சைகையில் கேட்டார். அக்கா, எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று எழுதிக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு மறுபடியும் சைகையில், சரி என்றார்.

வேண்டாம் என்றும் இரண்டு முட்டை வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 22

ஹெச்.எம். எமல்டா மேடம் அறைக்குக் கூப்பிட்டார். பிப்ரவரி 13 விளையாட்டு விழா. விழாவில் முக்கியமே முந்நூறு பெண்கள் சேர்ந்து செய்யும் கூட்டு உடற்பயிற்சிதான். அதற்கு ஒருவர் மைக்கில் எண்ண வேண்டும். ஒன்றிலிருந்து எட்டு வரை போய், எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். ஒன்பது என்கிற எண்ணே எங்கள் மைதானத்தில் கிடையாது. நான் வந்த நாளிலிருந்து நான்தான் எண்ணியிருக்கிறேன். தமிழில்தான் எண்ணுவேன், 'ஒண்ணு' என்றால் கை தானாக மேலே போகும்.

"ஜெயக்கொடி, இந்த வருஷம் ட்ரில்ல விட்டுருவோமா? உங்களையும் சிரமப்படுத்த வேணாம். அந்த பீரியடயெல்லாம் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸா குடுத்துருவோம்" என்றார்.

கணக்கு டீச்சர் வித்யாவதி அங்கேயே உட்கார்ந்திருந்தார். வித்யாவதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பி.டி. பீரியட் என்றால் அவருக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். "டீச்சர், இன்னைக்கு மட்டும், ஒரே ஒரு தேற்றம்" என்று வந்து நிற்பார். 'இன்னைக்கு மட்டும்' என்று சொல்லியே பத்தாம் வகுப்பை மைதானத்தின் பக்கமே விடாமல் வைத்திருக்கிறார். ஸ்டாஃப் ரூமே எங்கள் சண்டையை வேடிக்கை பார்க்கும். பீரியட் எல்லாமே மடியில் வந்து விழுகிறதே, பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் இருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ட்ரில்ல விட வேணாம் மேடம்" என்றார் வித்யாவதி. "நான் எண்ணுறேன். எனக்கு எண்ணத் தெரியும், அதுதான என் பொழப்பே. ஜெயக்கொடி டீச்சர் முன்னாடி நின்னு கையக் காட்டட்டும்."

சிலேட்டில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒண்ணும் எழுத வேணாம் டீச்சர்" என்று சொல்லி, அவரே என் சிலேட்டை முந்தானையால் துடைத்தார், அதில் ஒன்றும் இல்லாதபோதே.

ஜனவரி 24

நாளை மதுரை. சோதனை முடிவு சொல்வார்கள். இன்று கோகோ கம்பங்கள் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் மறுபடி அடித்தேன்.

ஜனவரி 25

கெட்ட கட்டி இல்லை. இல்லவே இல்லை.

டாக்டரம்மா சொல்லி முடிக்கும் முன்பே இவர் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார். வெளியே வந்து மருத்துவமனை வாசலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, டீக்கடைக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்தார். மூக்கு சிவந்திருந்தது. "மதுரையில என்னா தூசி!" என்றார். நானும் தலையாட்டினேன். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று யோசித்து, வழியில் தெரிந்த எல்லாக் கோபுரத்துக்கும், ஒரு சர்ச்சுக்கும், ஒரு தர்காவுக்கும் பஸ்ஸிலிருந்தே கும்பிடு போட்டுக்கொண்டு வந்தேன்.

இனி பேசலாமாம். கத்தக்கூடாது. காலையில் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று மெதுவாக இழுத்துப் பழகிவிட்டு, பிறகு சின்னச் சின்னச் சொற்களாகப் பேச வேண்டும். "பழைய வெங்கலக் குரல் வராது போலிருக்கு. வேற மாதிரி வரும். பேசிப் பாருங்க இப்ப" என்றார் டாக்டரம்மா. நான் புன்னகை செய்து, வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசுகிறேன் என்று எழுதிக் காட்டினேன். மதுரைத் தூசியில் எதற்கு?

ஜனவரி 26

குடியரசு தினம். கொடி வணக்கத்துக்குக் கட்டளை கொடுப்பது என் வேலை. இந்த முறை ஒன்பதாம் வகுப்பு சுபாஷினியைக் கொடுக்க வைத்தேன். கொடுக்கலாம்தான் நான். ஆனால் டாக்டரம்மா கத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், கட்டளையை மெதுவாகக் கொடுக்க முடியாது. சுபாஷினி நன்றாகச் செய்தாள். எனக்குச் சந்தோஷம். உயரமான பெண், பயமில்லாதவள்.

ஹெச்.எம். லட்டு டப்பாவை நீட்டி, "பேசலாம்னு சொல்லிட்டாங்களாமே?" என்றார். நான் லட்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 29

'ம்' பழகவில்லை. அடுப்பில் பால் இருந்தது.

ஜனவரி 30

இன்றும் இல்லை. கேஸ் கொண்டுவரும் பையன் வந்துவிட்டான்.

பிப்ரவரி 1

இவர் காலை டியூட்டிக்குப் போன பிறகு குளியலறையில் பைப்பை நன்றாகத் திறந்துவிட்டு ஒரு முறை முயற்சி செய்தேன். "ஒண்ணு" என்றேன். வாளிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. யாரோ பெஞ்சை இழுக்கிற மாதிரி இருந்தது. பைப்பில் காற்று அடைத்துக்கொண்டிருக்கும், இவரிடம் சொல்லி வாஷர் மாற்ற வேண்டும்.

மாலையில் இவர் பைப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். மாற்றிவிடுங்கள் என்று எழுதினேன். ஒன்றும் கேட்காமல் மாற்றினார்.

பிப்ரவரி 4

இதை எழுதாமல் இருக்க முடியாது. கொடிமேடையில் நின்று கையைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. முன்பெல்லாம் நான் கத்துவேன், பிள்ளைகள் கையை ஆட்டிக்கொண்டே பக்கத்துப் பெண்ணிடம் நேற்றைய சீரியலைப் பேசும். இப்போது காதுக்கு வேலை இல்லை என்பதால் எல்லாக் கண்ணும் என் மேல் இருக்கிறது. நான் கையை முக்கால் அளவு தூக்கினால் முந்நூறு கைகளும் முக்கால் அளவில் நிற்கின்றன. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு ட்ரில்லை நான் பார்த்ததில்லை.

இன்று மூக்கின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. விரட்டினேன். மைதானமே ஈ விரட்டியது. போகவில்லை, மறுபடி விரட்டினேன். மறுபடி முந்நூறு பேரும் விரட்டினார்கள், அதுவும் தாளம் தப்பாமல். எனக்கு வயிறு குலுங்கியது. வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுவிட்டேன். எல்லோரும் திரும்பி நின்றார்கள்.

மைக் பிடித்திருந்த வித்யாவதி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்தால் பத்து வயது குறைகிறது அவருக்கு.

பிப்ரவரி 7

இவர் சாப்பிடும்போது, "டாக்டரம்மா பேசலாம்னு சொன்னாங்கல்ல?" என்றார். பொறுமையாக இருப்பது நல்லது என்று எழுதினேன். "இருக்கட்டும், இருக்கட்டும். பதறாத காரியம்" என்றார். டம்ளரை நான் தட்டுவதற்கு முன்பே ரசம் ஊற்றினார்.

பிப்ரவரி 10

வித்யாவதி ஓய்வு நேரத்தில் வராந்தாவில் நடந்துகொண்டே, "எட்டு, ஏழு, ஆறு" என்று முணுமுணுத்துக்கொண்டு போகிறார். போகிறபோது தவறே வருவதில்லை. திரும்பும் இடத்தில்தான் கொஞ்சம் தடுமாறுகிறார். எட்டு வந்ததும் நெற்றியைச் சுருக்கிக்கொள்கிறார். வாழ்நாள் முழுக்க எட்டுக்குப் பிறகு மேலே ஏறியே பழகிய ஆள், பாவம். நான் மேடையில் கையை மடக்கும்போது அதைப் பார்த்துச் சமாளித்துவிடுகிறார்.

போன வாரம் முழுவதும் பத்தாம் வகுப்பு தங்கள் பி.டி. பீரியடில் மைதானத்துக்கு வந்தது. யாரும் 'இன்னைக்கு மட்டும்' என்று வரவில்லை. பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் அவர் எனக்குக் கொடுத்தது லேசான விஷயம் இல்லை. நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா தெரியவில்லை. இன்று அவர் மேசையில் நாலு கொய்யாப்பழம் வைத்துவிட்டு வந்தேன்.

விழா முடிந்ததும் நிதானமாகப் பேசத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். இப்போது வேலை அதிகம்.

பிப்ரவரி 12

சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்தோம். சுபாஷினி கேட்டாள், "டீச்சர், நீங்க திரும்பப் பேசவே மாட்டீங்களா?" பேசுவேன் என்று எழுதினேன். "எங்களுக்கு உங்க சத்தம் இல்லாம என்னமோ மாதிரி இருக்கு. திட்டக்கூட ஆளில்ல" என்றாள். கோட்டை மிதித்துவிட்டாள் என்று சிலேட்டாலேயே ஒரு தட்டு தட்டினேன்.

பழைய சத்தத்தைத்தான் கேட்கிறாள். அது இல்லையே.

பிப்ரவரி 13

எங்கிருந்து தொடங்குவது?

பந்தல், கொடி, அணிவகுப்பு எல்லாம் நன்றாக நடந்தது. பேரூராட்சித் தலைவி அம்மா தலைமை விருந்தினர். பெற்றோர்கள் மதில் ஓரம் முழுக்க நின்றார்கள். காற்று மலையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. நான் கொடிமேடையில், வித்யாவதி என் வலது பக்கம் மைக்கோடு, எதிரே முந்நூறு பெண்கள், வெள்ளைச் சட்டையில்.

முதல் மூன்று பயிற்சியும் அச்சடித்த மாதிரி வந்தன. நான்காவது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று போய், வித்யாவதி "எட்டு" என்றார். அந்த நேரம் பார்த்து மைக், கீ என்று அலறியது. அவர் திடுக்கிட்டு மைக்கைப் பார்த்தார், என் கையைப் பார்க்கவில்லை. தெளிவாக, மலை வரை கேட்கும்படி சொன்னார்:

"ஒம்பது!"

நான் வேண்டுமென்று செய்யவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டேன்.

பட்டென்று ஒரே சத்தம். முந்நூறு பெண்களும் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். ஒரு கை முந்தவில்லை, ஒரு கை பிந்தவில்லை. கடைசி வரிசை ஆறாம் வகுப்பு வரைக்கும், வீடு பறிபோன மாதிரி தலையில் கையோடு நின்றது.

வித்யாவதிக்குத் தப்பு புரிந்துவிட்டது. ஆனாலும் எண்ணத் தொடங்கியவரை நிறுத்த முடியுமா? "பத்து" என்றார். நான் தலையிலிருந்து கையை எடுத்து, வேண்டாம், வேண்டாம் என்று அவரைப் பார்த்து ஆட்டினேன். முந்நூறு பேரும் அதே பக்கம் திரும்பி, வேண்டாம், வேண்டாம் என்று கணக்கு டீச்சரைப் பார்த்து ஆட்டினார்கள்.

மதில் ஓரத்தில் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. தலைவி அம்மா எழுந்து நின்று தட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினால் முந்நூறு பேரும் பொத்துவார்களே என்று ஆட்டிய கையை அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன். அதனால் சிரிப்பு வெளியே வந்துவிட்டது, சத்தத்தோடு. கரகரவென்று, உடைந்து, மூச்சு வாங்கி. என்னுடையதுதான். எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

வித்யாவதி மைக்கை இறக்கிவிட்டார். மைதானம் முழுக்கக் கையைத் தூக்கியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர்களைத் திரும்பக் கூட்டி வர ஆள் இல்லை. அந்தக் குழந்தைகள் அப்படியே நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எட்டு" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு இல்லை, கொடிமேடைக்குக் கீழே நாலு அடி போயிருக்கும். முதல் வரிசையில் சுபாஷினிக்குக் கேட்டுவிட்டது. அவள் கண் பெரிதாயிற்று. பிறகு அந்தப் பெண் என் பழைய குரலை எங்கேயோ எடுத்து ஒளித்து வைத்திருந்த மாதிரி, "எட்டூ!" என்று கத்தினாள்.

"ஏழு" என்றேன். முன்வரிசை முழுதும் "ஏழு!" என்றது. "ஆறு" எல்லோருக்கும் போய்விட்டது. ஐந்துக்குப் பிறகு நான் உதட்டை மட்டும்தான் அசைத்தேன். முந்நூறு பெண்களும் தாங்களே எண்ணிக்கொண்டு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு என்று வந்து, காலைச் சேர்த்து நின்றார்கள். பின்னாலிருந்து பஞ்சவர்ணம் அக்காவின் குரலும் அதில் கேட்டது.

தலைவி அம்மா மேடையில், "அந்தத் தலையில கை வைக்கிற பயிற்சி ரொம்பப் புதுசா இருந்துச்சு. அது எதுக்கு நல்லதுங்க?" என்று கேட்டார். எமல்டா மேடம் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "மூளைக்கு ரத்த ஓட்டம், மேடம்" என்றார். அவருக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவள்.

வித்யாவதி ஸ்டாஃப் ரூமில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "மன்னிச்சிருங்க டீச்சர். உங்க பேர நான் கெடுத்துட்டேன். எட்டு வந்துச்சா, அடுத்து வாயில தானா..."

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சிலேட்டு மைதானத்திலேயே கிடந்தது. "கணக்கு டீச்சருக்கு எட்டுக்கப்புறம் ஒம்பது வராம என்ன வரும்?" என்றேன், அந்தப் பெஞ்சு இழுக்கிற குரலில். "வரட்டும் டீச்சர்."

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். ஒன்பது வந்ததற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும் என்று சொல்ல நினைத்தேன். அவ்வளவு நீளமாகப் பேசத் தொண்டை இடம் கொடுக்கவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

டாக்டரம்மா சொன்னதைவிடச் சில நாள் கூடுதலாக ஓய்வு கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

இவருக்கு இன்று கடைசி டிரிப். வரும்போது நான் தூங்கியிருப்பேன்.

பிப்ரவரி 14

காலையில் காபி போட்டுவிட்டு டம்ளரைத் தட்ட ஸ்பூனைத் தேடினேன். கைக்கு அகப்படவில்லை. இவர் பின்வாசலில் கண்ணாடியை மாட்டி ஷேவிங் செய்துகொண்டிருந்தார்.

"ஏங்க" என்றேன்.

பதில் இல்லை. குரல் அவ்வளவு தூரம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மனம் கொஞ்சம் சுருங்கியது. இரண்டடி முன்னால் போய், "ஏங்க" என்றேன் மறுபடி.

அசைவே இல்லை. எட்டிப் பார்த்தேன். முகத்தில் பாதி நுரையோடு, ரேசரை அந்தரத்தில் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். நுரையில் ஒரு கோடு நனைந்து இறங்கியிருந்தது.

"ஏங்க, காபி ஆறுது!"

அப்புறம்தான் திரும்பினார்.

"காது கேக்கலயா உங்களுக்கு?"

"கேட்டுச்சு" என்றார். "மொதத் தடவையே கேட்டுச்சு."